அக்காவின் மேல்தாடையும் ஒரு மெழுகு பிளாக்கும்

அக்காவுக்கு மேல் முன்பல் ஆட ஆரம்பித்தபோது வலியே இல்லை. ஈறு மட்டும் கெட்டியாக வீங்கியிருந்தது. தூத்துக்குடியில் பார்த்த பல் டாக்டர் பிடுங்குவதற்கு முன் எக்ஸ்ரே எடுத்தார். பல்வேரைச் சுற்றி மெல்லிய கோடாகத் தெரியவேண்டிய இடைவெளி பட்டையாக அகன்றிருந்தது. “இதுல நான் கை வைக்க மாட்டேம்மா” என்று பல் மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இன்றுவரை அவருக்குத்தான் எங்கள் முதல் நன்றி.

அங்கே சின்னத் துண்டு எடுத்து பயாப்ஸி செய்தார்கள். ரிப்போர்ட் ‘காண்ட்ரோமா’ என்றது. குருத்தெலும்புக் கட்டி, புற்று இல்லை. வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டோம். கல்லூரி சர்ஜன் மட்டும் சிரிக்கவில்லை. “தாடையில குருத்தெலும்புக் கட்டின்னா சாதுன்னு நம்பிரக் கூடாது. சென்னைக்குப் போங்க” என்றார்.

சென்னையில் புற்றுநோய் மருத்துவமனை டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். “ஸ்லைடும் பிளாக்கும் எங்கே?” ஸ்லைடு என்பது எடுத்த சதையை மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடி. பிளாக் என்பது அந்தச் சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு வில்லை. அதை வாங்கத்தான் அலைச்சல். “ரிப்போர்ட் குடுத்தாச்சே, அப்புறம் என்ன?” என்று லேபில் இழுத்தடித்தார்கள். டாக்டரின் கடிதம், அக்காவின் கையெழுத்து, ஆதார் நகல் எல்லாம் கொடுத்தபிறகே கைக்கு வந்தது. நோயாளி கேட்டால் கொடுக்கவேண்டிய பொருள்தான், சளைக்காமல் கேளுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், மெழுகாயிற்றே.

மறுபடி பார்ப்பதற்குக் காரணம் உண்டு. குருத்தெலும்பை உண்டாக்கும் ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்று ஒன்று இருக்கிறது. தாடையில் குருத்தெலும்புப் புற்றான காண்ட்ரோசார்கோமாவைவிட அதுதான் அதிகம் வருமாம். புற்றுச் செல்கள் ஓரிடத்திலாவது தாமே எலும்பை உருவாக்கியிருந்தால் பெயரும் மாறும், வைத்தியமும் மாறும். சின்னத் துண்டில் அந்த இடம் அகப்படாமல் போகலாம். அதனால் ஆழமாக இன்னொரு துண்டும் எடுத்தார்கள். முடிவு: காண்ட்ரோசார்கோமா, கிரேடு 2, அதாவது நடுத்தர வீரியம். எலும்பு உருவான தடயம் இல்லை.

கீமோ கிடையாது, ஆபரேஷன்தான் என்றதும் சொந்தக்காரர்களுக்குத் தாளவில்லை. “கேன்சருக்குக் கீமோ இல்லையா? பணம் பத்தலையோ?” என்று மாமா ரகசியமாகக் கேட்டார். சாதாரண காண்ட்ரோசார்கோமா கீமோவுக்கு அநேகமாக மசியாது. கதிர்வீச்சும் பெரிதாகக் கைகொடுக்காது. சுற்றிலும் நல்ல எலும்பு சேர்த்து முழுதாக வெட்டி எடுப்பதே வழி. மீசென்கைமல் என்ற வகைக்குக் கீமோ கொடுப்பார்கள். அது தாடையிலும் வரும். அக்காவுடையது அதுவல்ல. ஓபியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு இதே நோய் இடுப்பெலும்பில். இடுப்பு, தொடை, தோள், விலா என்றுதான் இது வழக்கமாக வருமாம். தாடை என்றதும் அவருக்கே ஆச்சரியம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு முன்அனுமதி வாங்குவது தனிப் புராணம், விட்டுவிடுகிறேன். ஆபரேஷனுக்கு முன்பே செயற்கைப் பல் பிரிவில் அளவெடுத்துவிட்டார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முன்பற்களோடு அண்ணத்தின் ஒரு பகுதியும் போவதால், அந்த ஓட்டையை அடைக்கும் ஆப்டுரேட்டர் என்ற தகடு ஆபரேஷன் மேசையிலேயே தேவைப்படுகிறது. அது இல்லாமல் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும். பேச்சும் மூக்கால்தான். புண் ஆற ஆறத் தகடு மாறிக்கொண்டே போகும். நிலையானது செய்ய மாதங்கள் ஆகின. இப்போது போனில் பேசினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வேண்டுமென்றே அதைக் கழற்றிவிட்டுப் பேசி என் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறாள், அது வேறு.

வெட்டிய ஓரங்களில் புற்றுச் செல் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஆனாலும் முகத்துக்கு எம்.ஆர்.ஐ.யும் நெஞ்சுக்கு சி.டி.யும் தொடர்கின்றன. பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும். பத்து வருஷம் கழித்துத் திரும்புவதும் உண்டு. பிளாக்கைத் திருப்பி வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறோம். பல காண்ட்ரோசார்கோமாக்களில் ஐ.டி.எச். என்ற மரபணு மாறியிருக்கிறது. பின்னால் எப்போதாவது அந்தச் சோதனை தேவைப்பட்டால் அந்த மெழுகிலிருந்தே செய்துகொள்ளலாம்.