பக்கிங்ஹாம் வாசலை விடுங்கள், வைட்ஹாலில் நடங்கள்

லண்டனில் இறங்கியதும் எல்லோரும் ஓடுவது பக்கிங்ஹாம் அரண்மனை வாசலுக்கு. பாதி நாள் அங்கேயே போய்விடுகிறது. காவல் மாற்றம் பொதுவாகத் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு காலை 11 மணிக்கு. கம்பியோரம் இடம் பிடிக்க 10 மணிக்கு முன்பே போய் நிற்கவேண்டும். அதற்குப் பிறகு போனால் கரடித்தோல் தொப்பிகளின் நுனியும் முன்னால் நிற்பவர் தூக்கிப் பிடித்த செல்போனும்தான் தெரியும். பெருமழை என்றால் ரத்து.

அங்கே பார்க்கவேண்டியது கூரைக் கொடி ஒன்றுதான். மன்னர் உள்ளே இருந்தால் சிங்கம் போட்ட அரசக் கொடி, இல்லாவிட்டால் பிரிட்டனின் தேசியக் கொடியான யூனியன் கொடி. 1997-ல் டயானா இறந்தபோது கம்பம் வெறுமையாக நின்றதைப் பார்த்து மக்கள் கொதித்தார்கள். யூனியன் கொடி பறப்பது அதற்குப் பிறகு வந்த வழக்கம். முடியாட்சி எதனால் நிற்கிறது என்று கேட்டால் அந்தக் கம்பத்தைக் காட்டலாம். வளையவேண்டிய இடத்தில் வளைந்துவிடுகிறது.

வெளியே கலர் விளக்கு கட்டிய மிதிரிக்‌ஷாக்கள் சுற்றும். தயவுசெய்து ஏறாதீர்கள். ஏறும்போது சொன்ன தொகை இறங்கும்போது "ஆளுக்கு" என்றோ "நிமிஷத்துக்கு" என்றோ மாறும். இது அப்பட்டமான கொள்ளை. இவற்றைக் கட்டுப்படுத்த 2024-ல் தனிச் சட்டமே போட்டார்கள். பஸ்ஸில் 1.75 பவுண்டு (2025 கணக்கு), அதே காசில் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ்ஸும் மாறலாம். ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான். கணவன் மனைவி ஒரே கார்டைத் தட்ட முடியாது.

டிரஃபால்கர் சதுக்கத்தின் தென்கோடியில் இறங்குங்கள். குதிரைமேல் மன்னர் முதலாம் சார்லஸ் சிலை. நாடாளுமன்றத்தோடு போரிட்டுத் தோற்றவர். அந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு சிலையை உருக்கச் சொல்லி ஒரு உலோகக்காரரிடம் விற்றார்கள். அவர் உருக்காமல் ஒளித்துவைத்தார். அந்தச் சிலை வைட்ஹால் தெருவை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஐந்து நிமிஷம் நடந்தால் பேங்க்வெட்டிங் ஹவுஸ், பழைய அரண்மனையின் விருந்து மண்டபம். 1649 ஜனவரி 30-ஆம் தேதி அதன் முன்தான் சார்லஸின் தலையை வெட்டினார்கள். குளிரில் உடம்பு நடுங்கினால் பயம் என்று நினைப்பார்களே என்று அன்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டார். எதிரே ஹார்ஸ் கார்ட்ஸ் என்ற குதிரைக் காவலர் கட்டடத்தின் கோபுரக் கடிகாரத்தைக் கவனியுங்கள்: 2 என்ற எண்ணருகே ஒரு கறுப்புத் திட்டு. அவர் இறந்த மணியின் அடையாளம் என்கிறார்கள். பெரும்பாலானோர் கீழே குதிரையோடு படம் எடுத்துவிட்டு நிமிர்ந்தே பார்க்காமல் போகிறார்கள். (அந்தக் குதிரைகள் கடிக்கும், பலகையே வைத்திருக்கிறார்கள். கடிவாளத்தைத் தொடாதீர்கள்.)

இங்கும் தினமும் காவல் மாற்றம் உண்டு, 11 மணிக்கு. ஞாயிறு 10 மணிக்கு. வேலி இல்லை, கட்டணம் இல்லை, குதிரைகள் பத்தடியில். என்னைக் கேட்டால் பக்கிங்ஹாமைவிட இதுதான் மேல். மாலை 4 மணிக்கு வந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். 1894-ல் காவலர்கள் குடித்துச் சூதாடிக்கொண்டிருந்ததைக் கண்ட விக்டோரியா, நூறு வருஷத்துக்குத் தினமும் 4 மணிக்கு ஒரு அதிகாரி வந்து சோதிக்கவேண்டும் என்று தண்டனை விதித்தாராம். 1994-ல் தண்டனை முடிந்தது. சோதனை மட்டும் நிற்கவில்லை.

தெருக்கோடியில் நாடாளுமன்றம். சுற்றிப் பார்க்கும் டிக்கெட் விலை கையைக் கடிக்கும். விவாதம் பார்க்கும் மாடத்துக்குக் கட்டணமே இல்லை, வெளிநாட்டவரும் போகலாம். அவை பெரும்பாலும் திங்கள் முதல் வியாழன் வரை. புதன் நண்பகல் பிரதமர் கேள்வி நேரத்தைத் தவிர்த்து, மாலையில் போனால் வரிசை குறைவு. கிராம்வெல் சிலைப் பக்க வாசல் வழியாகப் போனால் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தைக் கடந்துதான் செல்லவேண்டும், அதற்கும் காசில்லை. சார்லஸ் விசாரணைக்கு நின்ற இடத்தில் ஒரு பித்தளைத் தகடு. 2022-ல் இரண்டாம் எலிசபெத்தின் சவப்பெட்டி வைத்திருந்த இடத்தில் இன்னொன்று. ஒரு மன்னருக்குத் தீர்ப்பு சொன்ன அதே கூரையின் கீழ் இன்னொருவரைப் பார்க்க ஜனம் இரவு பகலாக வரிசையில் நின்றது. நடுவில் நடந்தது அதிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டதுதான். ஒரு மசோதாவுக்கு முடி ஒப்புதல் மறுத்தது 1708-ல் கடைசி, அப்போது அரசி ஆன். இன்றைக்கும் கூட்டத்தொடர் தொடங்கும்போது மன்னரின் தூதர் வந்தால் மக்களவைக் கதவை முகத்தில் அறைந்து சாத்துகிறார்கள். மூன்று முறை தட்டினால்தான் திறக்கும். மன்னர் வாசிக்கும் உரையோ அரசாங்கம் எழுதிக் கொடுத்தது.

பணம் செலவழிப்பதென்றால் டவர் ஆஃப் லண்டனுக்குச் செலவழியுங்கள். 30 பவுண்டுக்கு மேல் ஆகும். திறந்ததும் நேராக நகை மாளிகைக்குப் போய்விடுங்கள், நண்பகலில் வரிசை வளைந்து நிற்கும். கிரீடங்கள் முன்னால் நகரும் தளம் உங்களை இழுத்துக்கொண்டு போகும். அவற்றைவிட, ஒரு சாணுக்குச் சற்று நீளமான கரண்டியைத் தேடுங்கள். 12-ஆம் நூற்றாண்டு, வெள்ளியில் தங்கமுலாம். முடிசூட்டும் பேராயர் எண்ணெயில் இரண்டு விரல் தோய்க்க வசதியாக அதன் குழி நடுவில் ஒரு வரம்பு ஓடுகிறது. 1649-ல் முடியாட்சியையே ஒழித்து மற்ற முடிசூட்டுப் பொருள்களை உருக்கியும் உடைத்தும் விற்றபோது, இதை 16 ஷில்லிங்குக்கு வாங்கிய அரண்மனைப் பணியாளர் முடியாட்சி திரும்பியதும் கொண்டுவந்து கொடுத்தார். 2023 மே 6-ஆம் தேதி மூன்றாம் சார்லஸுக்கு எண்ணெய் பூசியதும் இந்தக் கரண்டியால்தான், திரைக்குப் பின்னால், கேமராவுக்குக் காட்டாமல்.

டவர் பக்கம் சாப்பாட்டு விலை அநியாயம். டவர் ஹில் ஸ்டேஷனில் டிஸ்ட்ரிக்ட் லைன் பிடித்தால் பத்தாவது ஸ்டாப் ஈஸ்ட் ஹாம். வெளியே வந்தால் ஹை ஸ்ட்ரீட் நார்த், தமிழ்ப் பலகைகள், தோசைக் கடைகள். சாம்பார் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கலாம்.