பச்சை நூல்

ஏப்ரல் 11, 2024
ஷோவுக்கு ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி தேடுகிறேன். குட்டிகள் பிறந்து 28 நாள். எட்டுக் குட்டிகள், ஐந்து பெட்டை, மூன்று ஆண். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிற நூல். இன்றைக்கு எதையும் பொறுக்கக் கூடாது, தாயைப் பார்க்கத்தான் போனது. முன்கால்கள் நேராக இறங்குகின்றன. மார்பு முழங்கை வரை ஆழம், வயிறு நன்றாக ஏறியிருக்கிறது. பின்னால் நின்று சாவியைக் குலுக்கினால் சட்டென்று திரும்புகிறாள்.

குட்டிகளின் கண்கள் எல்லாமே இப்போது நீலச் சாம்பல்தான். பொன்னிறம் பிடிக்குமா என்று சொல்ல இன்னும் நாலு வாரமாவது ஆகும்.

ஒரு பெட்டைக்குக் காதோரம் தேன்நிறத் திட்டு. மஞ்சள் நூல். குட்டிகளை விற்கும் அண்ணாச்சி அதை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

ஏப்ரல் 12
காதைப் பற்றி நேற்று எழுதவில்லை.

குட்டிக்குக் காதுக்குழாய் திறப்பது பிறந்து இரண்டு வாரத்தில். உட்காதில் ரத்தம் ஓடும் மெல்லிய பட்டை ஒன்று உண்டு. அது உயிரோடிருக்க நிறமிச் செல்கள் வேண்டும். உடம்பை வெள்ளையாக்குகிற மரபணு அந்தச் செல்களையும் அங்கே போய்ச் சேரவிடாமல் செய்தால், மூன்றாம் நான்காம் வாரத்தில் பட்டை சுருங்கி, ஒலியை வாங்கும் மயிர்ச்செல்கள் செத்துப்போகும். மறுபடி முளைக்காது. அதனால் 28-ஆம் நாளில் திரும்பிப் பார்த்த குட்டி 42-ஆம் நாளில் திரும்பாமல் போகலாம். ஐந்து வாரம் முடியாமல் காதைச் சோதிப்பது வீண்.

பால்வெள்ளை வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோம். அந்த வெள்ளையோடு சேர்ந்து வருவது இது.

ஏப்ரல் 25
42 நாள். ஒவ்வொன்றாகத் தனியே எடுத்துப் போய்ச் சோதித்தேன். கூட்டத்தில் வைத்தால் கேளாத குட்டியும் மற்றதன் அசைவைப் பார்த்து எழுந்துவிடும், ஏமாந்துபோவோம். கை தட்டக் கூடாது, காற்று மீசையில் படும். தரையைத் தட்டக் கூடாது, அதிர்வு பாதத்தில் ஏறும். அசந்து தூங்கும்போது, பின்பக்கமிருந்து, ஒரு தரம் சாவி, ஒரு தரம் விசில், ஒரு தரம் பொம்மையின் கீச்சு. அதற்குமேல் கூடாது, குட்டிக்குப் பழகிவிடும்.

வெள்ளை நூலும் ஊதா நூலும் அசையவே இல்லை. வெள்ளை நூலின் ஒரு கண் இன்னும் தெளிநீலம். முதலில் தலையைத் தூக்கியது மஞ்சள் நூல்.

பச்சை நூல் மூன்றுக்கும் எழுந்தான்.

மே 9
56 நாள். உடலமைப்பைப் பார்க்க இதைவிட நல்ல நாள் கிடையாது. வளர்ந்த நாயின் அளவுவிகிதம் எட்டாவது வாரத்தில் சின்னதாகத் தெரியும். பிறகு கால் ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டு வளரும், ஒன்றும் புரியாது.

மேசைமேல் ரப்பர் விரிப்பு, எதிரே கண்ணாடி. மோவாயிலும் பின்தொடை நடுவிலும் கை கொடுத்துத் தூக்கி மெதுவாக இறக்கினால் கால்கள் தாமாக எப்படி விழுகின்றன என்பதுதான் விஷயம். சரிசெய்து நிற்கவைத்துப் பார்ப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. நீல நூலுக்கு முழங்கை வெளியே பிதுங்குகிறது. பச்சை நூலுக்கு நேராக விழுகிறது. தோள்பட்டை நன்றாகப் பின்சாய்வு, முதுகில் பள்ளமில்லை, வால் அடியில் தடித்து நுனியில் மெலிகிறது. பல்வரிசை சிஸர் பைட், மேல் முன்பல் கீழ்ப்பல்லை ஒட்டி முன்னால் மூடுகிறது. கண்ணில் மஞ்சள் இறங்கத் தொடங்கியிருக்கிறது. தொப்புளில் புடைப்பு இல்லை. விதை இரண்டும் இறங்கிவிட்டன. ஒன்று மேலேயே தங்கிவிட்டால் மற்றதெல்லாம் எவ்வளவு சரியாக இருந்தும் ரிங்கில், அதாவது ஷோ களத்தில், பயனில்லை. 4.8 கிலோ.

தாய், தகப்பன் இருவரின் கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) சான்றிதழ். மூன்று தலைமுறை வரிசையில் ஒரே பெயர் இருபுறமும் வருகிறதா என்று பார்த்தேன். ஒரு பெயர் இரண்டு தடவை வருகிறது, கொள்ளுப்பாட்டன் வரிசையில். பொறுத்துக்கொள்ளலாம். மைக்ரோசிப் போட்டதும் ஸ்கேனரில் தெரிந்த 15 இலக்கத்தைத் தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஓர் இலக்கம் தப்பினாலும் ஷோ நாளன்று வாசலோடு திரும்ப வேண்டியதுதான். 2005-இல் இந்த இனத்துக்குத் தபால்தலையே வந்துவிட்டது. ஆனாலும் ராஜபாளையத்தில் பிறந்ததெல்லாம் ராஜபாளையம் ஆகிவிடாது.

முதல் தடுப்பூசி போட்டாயிற்று. எடுத்தது பச்சை நூல்தான்.

மே 10
இரவு முழுக்க அழுதான். சாப்பிடவில்லை.

மே 13
பெயர் முத்து. சாப்பிடுகிறான், நாளைக்கு நாலு வேளை.

இன்று மூன்று பேர் கால்சியம் டானிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். கூடவே கூடாது. பெரிய உடம்பாக வளரப்போகிற குட்டிக்கு முதல் ஆறு மாதம், வேண்டாத கால்சியத்தைக் குடலிலேயே தடுத்து நிறுத்தும் திறன் சரியாக வந்திருக்காது. கொடுத்ததில் பெரும்பங்கு உள்ளே போய், எலும்பு முதிர்வது தடுமாறி, முன்கால் வளையும். பிறகு அதையே கால்சியம் குறைவு என்று நினைத்து இன்னொரு பாட்டில் ஊற்றுவார்கள். வெறும் சோறும் கறியுமாகப் போட்டால் நேர்மாறான கேடு. அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் அற்பம். அதிலும் எலும்பு கெடும். பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனம் என்றால் அது மட்டும். மேலே ஒன்றும் சேர்க்க வேண்டாம். விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், கண்ணில் துருத்தக் கூடாது.

டைல்ஸ் தரை வழுக்குகிறது. கூடம் முழுக்கச் சாக்கு விரித்தாயிற்று. வழுக்கும் தரையில் வளரும் குட்டி முழங்கையை அகட்டி நிற்கப் பழகும்.

மே 30
டம்ளர் விழுந்தது. முத்து எழவில்லை. நல்ல தூக்கமாக இருக்கும்.

ஜூன் 6
12 வாரம். இரண்டாவது ஊசி, வெறிநாய்க்கடி ஊசி. அடுத்தது ஜூலை 4. அது போட்டு இரண்டு வாரம் ஆகிறவரை தெருவில் கால் படக் கூடாது, பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் பிழைப்பது கஷ்டம். ஆனால் புதியவர்களுக்குப் பழகும் வயதோ இன்னும் இரண்டு வாரத்தில் முடிகிறது. ஆகவே தூக்கிக்கொண்டே அலைகிறது. பேருந்து நிலையம், மார்க்கெட் வாசல், கல்யாண மண்டபம். இந்த இனம் ஒருவரைத்தான் ஒட்டும், வேற்றுக் கை பட்டால் சுருங்கும். நல்ல உடலமைப்புள்ள ராஜபாளையம் ரிங்கில் தோற்பது பெரும்பாலும் நடுவர் கை வைக்கும் அந்த அரை நிமிடத்தில்தான். நாளைக்கு ஐந்து புதுக் கை. முதலில் மார்பு, பிறகு முதுகு, கடைசியில் வாய். நேரே தலைமேல் கையைக் கொண்டுபோகவே கூடாது.

ஜூன் 19
நிற்கப் பழக்கம், இரண்டு நிமிடம். கோழி ஈரலை வேகவைத்து, வாணலியில் ஈரம் போக வாட்டி, சுண்டல் அளவுக்கு நறுக்கினால் கையில் ஒட்டாது. முதலில் முன்கால், முழங்கையைப் பிடித்து வைக்க வேண்டும், பாதத்தைப் பிடித்தால் இழுத்துக்கொள்வான். பிறகு பின்கால், கணுவிலிருந்து பாதம் வரை தரைக்குச் செங்குத்தாக. அவன் அசையும் முன்பே நாம் விட்டுவிட வேண்டும். அசைந்தபின் விட்டால் அசைவதற்குக் கூலி கொடுத்ததாகிவிடும்.

ஜூலை 14
இடக்கண்ணுக்கு மேலே ஒரு ரூபாய் அகலம் முடி கொட்டியிருக்கிறது. தோலைச் சுரண்டிப் பார்த்ததில் டெமோடெக்ஸ், முடிக்குழியில் வாழும் நுண்ணிய பூச்சி. ஓரிடத்தில் நின்றால் வயது ஏற ஏற தானாக ஆறும். ஸ்டீராய்டு மட்டும் படக் கூடாது. உடம்பெல்லாம் பரவினால் இனவிருத்திக்கு எடுக்கக் கூடாது.

இனவிருத்தி என்று எழுதியதும் மஞ்சள் நூல் ஞாபகம். யாரிடம் இருக்கிறாளோ.

ஆகஸ்ட் 8
மேல் கோரைப்பல்லில் பால்பல் விழாமலே புதுப்பல் வந்துவிட்டது. டாக்டர் பத்து நாள் பார்ப்போம் என்கிறார். ஈறு வலிக்கும்போது வாயைத் திறந்து பார்ப்பதை நிறுத்திவிட்டேன். இப்போது வலித்தால் ஆயுசுக்கும் வாய் காட்டமாட்டான்.

ஆகஸ்ட் 15
பல் விழுந்தது!

செப்டம்பர் 2
பின்புறம் உயர்ந்து ஆட்டுக்குட்டி மாதிரி நடக்கிறான். பார்க்கவே சகிக்கவில்லை. இந்தக் கட்டமும் முடியும், ஆனால் அது வரை பொறுக்க வேண்டும்.

அக்டோபர் 13
மாடியிலிருந்து கூப்பிட்டால் இடப்பக்கமாக ஒரு முழுவட்டம் சுற்றித்தான் கண்டுபிடிக்கிறான். ஒலி எந்தத் திசை என்று தெரிய இரண்டு காதும் வேண்டும்.

நவம்பர் 3
இருபது நாள் கணக்கு. போனில் பதிந்த காக்கைச் சத்தம், அதிர்வு தெரியாமலிருக்க போனை இலவம்பஞ்சுத் தலையணைமேல் வைத்து. வலது காது தரையில் இருக்கத் தூங்கியபோது 15 தரம், 15-உம் எழுந்தான். இடது காது தரையில் இருக்கத் தூங்கியபோது 14 தரம், எழுந்தது இரண்டு.

மே 30 அன்று எந்தப் பக்கம் படுத்திருந்தான் என்று எழுதிவைக்கவில்லை.

நவம்பர் 9
ரிங் ஒத்திகை. முக்கோணம், நேர்கோடு, வட்டம். தளர்ந்த வாரில் அழகாக ஓடுகிறான், கால் இறைக்காமல், முதுகு அசையாமல். நான் மெல்லச் சொல்லும் எதற்கும் மட்டும் பதிலில்லை. நாய் நடத்துகிறவரின் இடக்கைப் பக்கம் வரும். அப்படியென்றால் நான் இருப்பது அவனுடைய வலது காதுப் பக்கம்.

நவம்பர் 10
நடுவர் பல்லை எண்ணுவார், விதையைத் தொட்டுப் பார்ப்பார். காதின் தொங்கலைப் பார்ப்பார். கேட்கிறதா என்று கேட்கமாட்டார். ஒரு காது கேட்கும் நாய் ஜெயிக்கலாம். வீட்டுக்கும் காவலுக்கும் ஒரு குறையும் வராது.

ஆனால் ஜெயித்த ஆணைத் தேடி ஊரெல்லாம் பெட்டையோடு வரும். வெள்ளை உடம்பில் புள்ளி போட்ட டால்மேஷியன் இனத்தில், அமெரிக்காவில் சோதித்தவற்றில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. அவற்றிலும் இரு காதும் போனவற்றைவிட ஒரு காது போனவை இரண்டு மடங்குக்கு மேல். ஒரு காது போனது மரபளவில் கேளாத நாய்தான், கேட்கும் நாயைவிட அதற்குக் கேளாத குட்டிகள் அதிகம் பிறக்கின்றன. முற்றும் கேளாததை யாரும் இனவிருத்திக்கு எடுப்பதில்லை. யாரும் கண்டுகொள்ளாமல் விடும் ஒற்றைக் காதுதான் வம்சம் முழுக்கப் பரவுகிறது. ஷோ எதற்கு? எதிலிருந்து குட்டி எடுக்கலாம் என்று சொல்வதற்குத்தானே.

கண் இப்போது தேன் மாதிரி இருக்கிறது.

நவம்பர் 14
ஷோ படிவம் நிரப்பியாயிற்று. அனுப்பவில்லை.

நவம்பர் 16
காது கேட்கிறதா என்று பச்சைக் குழந்தைகளுக்குச் செய்யும் அதே பெரா சோதனைதான். மயிரிழை போன்ற ஊசி மின்முனை மூன்று தோலுக்கடியில், ஒரு காதில் டிக் டிக் சத்தம், மூளைத்தண்டின் அலைகள் திரையில். மற்றக் காதில் இரைச்சலைப் போட்டு மறைப்பார்கள். கேட்டால் மேடு மேடாக வரும், கேளாவிட்டால் நேர்கோடு. லேசான மயக்கத்தில், பத்துப் பதினைந்து நிமிட வேலை. காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் அலை குறையும், அதனால் முதலில் சுத்தம் செய்துவிட வேண்டும்.

நவம்பர் 20
நாளைக் காலை எட்டு மணிக்குச் சோதனை. காது இரண்டும் சுத்தம். வலதில் அழுக்கே இல்லை. இரவு எட்டு மணிக்குமேல் தட்டு வைக்கக் கூடாது, தண்ணீர் காலை ஆறு வரை வைக்கலாம்.