ட்ராலப்பின் கடிகாரமும் என் மெயின்ஸும்

யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வின் இறுதிப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. (முதலில் வடிகட்டும் பிரிலிம்ஸ், பிறகு விரிவாக விடை எழுதும் மெயின்ஸ், கடைசியில் நேர்முகம்.) ரேங்க் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, எந்த சர்வீஸ் என்பதும் இன்னும் தெரியாது. ஆனால் "தமிழ்ல மெயின்ஸ் எழுதினா தேறாது தம்பி, பணத்தை வீணாக்காதீங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிய பயிற்சி மையம் ஒன்று, இப்போது போட்டோ கேட்டு போன் மேல் போன் போடுகிறது. கொடுக்கவில்லை. அந்தக் கடுப்பு இதில் அங்கங்கே தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புத்தகப் பட்டியல், பிரிலிம்ஸ் உத்தி, எந்தப் பத்திரிகை என்பதெல்லாம் எழுதப்போவதில்லை. ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். என்னைக் கரை சேர்த்தது ஒரே ஒரு சங்கதி. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஒருவர் தினமும் எப்படி உட்கார்ந்து எழுதினாரோ, அதே முறையில் விடை எழுதிப் பழகினேன்.

அந்தனி ட்ராலப், 1815இல் பிறந்து 1882இல் இறந்தவர். அவரைப் பிடித்துக்கொண்டதற்கு இலக்கிய ஆர்வம் காரணமில்லை. அவர் போஸ்ட் ஆபீஸ்காரர், நானும் ஒரு துணை அஞ்சலகத்தில் கவுன்டரில் உட்காருகிறவன். 1834இல் லண்டன் தலைமை அஞ்சலகத்தில் ஆண்டுக்கு 90 பவுண்டு சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். முதல் ஏழு வருடம் தாமதமாக வருவது, கடன், மேலதிகாரியிடம் திட்டு. 1841இல் அயர்லாந்துக்கு மாற்றல் கேட்டுப் போன பிறகுதான் ஆள் நிமிர்ந்தார். தெருவோரத் தபால் பெட்டியைப் பிரிட்டிஷ் அஞ்சல் துறைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பரிந்துரைத்து 1852இல் ஜெர்சி தீவில் முதலில் நட்டுப் பார்த்தார்கள். 1867இல் ராஜினாமா செய்யும்வரை முழுநேர ஊழியர்தான். மொத்தம் எழுதியது 47 நாவல், அதில் பெரும்பகுதி உத்தியோகத்தில் இருந்தபோதே. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

முறைக்கு வருகிறேன். காலை 5.30க்கு மேசை. எழுப்பிவிட்டு காபி கொடுப்பதற்காகவே வயதான வேலைக்காரர் ஒருவருக்கு வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். (எனக்கு அம்மா. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும்.) முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். அதன் பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை. 8.30க்கு எழுத்து முடிந்தது, காலை உணவு, பிறகு ஆபீஸ். இதையெல்லாம் அவரே சுயசரிதையில் எழுதிவைத்து, அவர் இறந்த பின் 1883இல் அது வெளியானபோது விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். கலையைக் கடை வியாபாரம் மாதிரிப் பேசுகிறாரே என்று. நாவலுக்கு அது குறையோ என்னவோ, மெயின்ஸ் தாளுக்கு அதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

கணக்குப் பாருங்கள். ஜி.எஸ். எனும் பொது அறிவுத் தாளில் 20 கேள்வி, மூன்று மணி நேரம். பத்துக்கு 150 வார்த்தை (10 மார்க்), பத்துக்கு 250 வார்த்தை (15 மார்க்), ஆக 4000. ட்ராலப் மூன்று மணி நேரத்தில், வாசிப்பு போக, 2500தான் எழுதினார். அதுவும் கதை. நமக்கோ கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். ஆங்கிலத்தில் படித்து, தமிழில் யோசித்து, தமிழில் எழுத வேண்டும். இந்த வேகம் அறிவால் வராது, கைப்பழக்கத்தால்தான் வரும். டாப்பர் காப்பியை, அதாவது முன்னணி ரேங்க் வாங்கியவர்களின் விடைத்தாளை, நூறு முறை புரட்டினாலும் கை பழகாது.

வார்த்தை எண்ணும் விஷயத்தில் மட்டும் அவரை விட்டு விலகினேன். அவர் ஒவ்வொரு வார்த்தையாக எண்ணச் சொன்னவர். நம் தமிழில் "எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கவில்லை" என்பது ஒரே வார்த்தை, ஆனால் ஒரு வரியில் பாதியைத் தின்றுவிடும். 250 வார்த்தை தமிழில் நிரப்புகிறேன் என்று போனால் நேரம் எகிறும். என் கையெழுத்தில் பக்கத்துக்கு எத்தனை வரி என்று பார்த்து, 10 மார்க்குக்கு ஒன்றே முக்கால் பக்கம், 15 மார்க்குக்கு இரண்டே முக்கால் பக்கம் என்று வைத்துக்கொண்டேன். ஏழு நிமிடம், பதினோரு நிமிடம். கைக்கடிகாரத்தைக் கழற்றி, பட்டையை மடித்து, டயல் என்னைப் பார்க்கும்படி தாளின் இடது மேல் மூலையில் நிறுத்துவேன். வலப்பக்கம் வைத்தால் எழுதும் கை மறைக்கும். அப்புறம் தலையைத் தூக்க வேண்டும், தூக்கினால் யோசனை அறுபடும். அற்ப விஷயம்தான். ஆனால் செய்யுங்கள். போன் டைமர் வேண்டாம், ஹாலில் போன் இருக்காது.

அந்த முதல் அரை மணி நேரத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இந்த முழுப் பதிவிலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நேற்றைய விடையை இன்று காலை வேற்றாளாகப் படிக்கும்போதுதான், கூட்டாட்சி பற்றிக் கேட்டாலும் நிலத்தடி நீர் பற்றிக் கேட்டாலும் "இந்தியா பன்முகத்தன்மை கொண்ட நாடு" என்றே பேனா தொடங்குவது கண்ணில் படும். சிவப்புப் பேனாவால் முன்னுரையை அடித்துவிட்டு மீதியைப் படித்துப் பார்த்தால் விடை இன்னும் தெளிவாக இருக்கும். எனக்கு ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படித்தான் மிச்சமானது. மாதிரித் தேர்வு நடத்தித் திருத்தித் தரும் டெஸ்ட் சீரிஸ்காரர்கள் மூன்று வாரம் கழித்து "குட் அட்டெம்ப்ட், ஆட் டயகிராம்" என்று எழுதித் தருவதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்து நோட்டு. ட்ராலப் ஒவ்வொரு நாவலுக்கும் வாரவாரியாகக் கட்டம் போட்ட ஒரு நோட்டு வைத்து, அன்றன்று எத்தனை பக்கம் என்று குறிப்பார். சராசரி வாரத்துக்கு 40 பக்கம். 20 ஆகக் குறைந்ததும் உண்டு, 112க்குப் போனதும் உண்டு. பக்கம் குறைந்த வாரம் கண்ணில் கொப்புளம்போல உறுத்தும் என்கிறார். நான் அஞ்சலகத்தின் பழைய ஆர்.டி. (தொடர் வைப்பு) லெட்ஜர் மாதிரி கட்டம் போட்டு, எழுதிய விடைகளை மட்டும் எண்ணாகக் குறித்தேன். "படித்த மணி நேரம்" என்று ஒரு பத்தி போடவே கூடாது. அதில் யாரும் பொய் எழுதலாம்.

இதில் வராத சில்லறைகள்:

- ட்ராலப் ரயிலில் போகும்போது மடியில் பலகை வைத்து பென்சிலால் எழுதுவார், மனைவி படி எடுப்பார். நம்மூர் டவுன் பஸ்ஸில் எழுத்து நடக்காது. மறுநாள் விடைகளின் எலும்புக்கூட்டை மட்டும், அஞ்சலகத்தில் பணம் கட்டும் சீட்டுகளில் வீணாய்ப் போனவற்றின் பின்புறம் போட்டுக்கொள்ளலாம்.
- பிரிலிம்ஸ் முடிந்த மறுநாள் காலையே மெயின்ஸ் தாளை எடுங்கள். எகிப்துப் பயணத்தின்போது அவர் ஒரு நாவலை முடித்த மறுநாள் அடுத்ததைத் தொடங்கினார். போகும் வழியில் கப்பலில் குமட்டலோடு எழுந்து ஓடியும், அன்றைய பக்கத்தை விடவில்லை.
- மூட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். புத்தகம் எழுத நல்ல வழி, செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் மெழுகை நாற்காலியில் தடவிக்கொள்வதுதான் என்று யாரோ அவரிடம் சொன்னார்களாம். உள்ளுணர்ச்சியைவிட அந்த மெழுகைத்தான் நம்புகிறேன் என்று எழுதியிருக்கிறார்.
- குரூப் ஸ்டடி வேண்டாம். காரணம் கேட்காதீர்கள், எனக்கு ஆகாது.

பொழுதுபோக்கை விட்டுவிட்டுப் படி என்று சொல்கிற எல்லாரிடமும் எனக்குச் சண்டை உண்டு. ட்ராலப் கனத்த உடம்பு, கிட்டப்பார்வை, தடுப்பு வேலி சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. அப்படியும் அயர்லாந்தில் தொற்றிக்கொண்ட குதிரையேற்ற நரிவேட்டையைப் பல பத்தாண்டுகள் விடவில்லை. மாலையில் கிளப்பில் சீட்டாட்டம். காலையிலேயே வேலை முடிந்துவிட்டதால் மிச்சப் பொழுதை மனசாட்சி உறுத்தாமல் அனுபவித்தார். எனக்கு ஞாயிறு சாயங்காலம் கேரம். மெயின்ஸுக்கு முந்தைய ஞாயிறும் போனேன். தெருவில் இரண்டு பேர் என் அப்பாவிடம் போய் வருத்தப்பட்டார்களாம்.

நேர்முகத்திலும் ட்ராலப்தான் கைகொடுத்தார். டி.ஏ.எஃப். எனும் விரிவான விண்ணப்பப் படிவத்தில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் "ட்ராலப் நாவல்கள்" என்று போட்டிருந்தேன். போர்டில் ஒருவர் அவரைப் படித்திருந்தார். "உங்கள் ஆள் போட்டித் தேர்வையே எதிர்த்தவராயிற்றே?" என்றார். உண்மைதான். 1854இல் வந்த நார்த்கோட்–ட்ரெவெல்யன் அறிக்கைதான் பிரிட்டிஷ் அரசுப் பணிக்குப் போட்டித் தேர்வு வேண்டும் என்றது. ட்ராலப்புக்கு அது பிடிக்காமல், ஒரு நாவலில் அறிக்கை எழுதிய இருவரில் ஒருவரான ட்ரெவெல்யனையே கேலிப் பாத்திரமாக்கினார். அந்த ட்ரெவெல்யன்தான் 1859இல் சென்னை மாகாண கவர்னராக வந்தவர்.

ட்ராலப் வேலைக்குச் சேர்ந்த கதையையும் சொன்னேன். அம்மாவின் தோழி மூலம் சிபாரிசு. பத்திரிகையிலிருந்து சில வரிகளைப் படியெடுக்கச் சொன்னார்கள், மை கொட்டி, எழுத்துப் பிழையோடு கொடுத்தார். வீட்டில் நன்றாக எழுதிக்கொண்டு வா என்றார்கள். மறுநாள் கொண்டுபோனதை யாரும் பார்க்கவே இல்லை, வேலை கிடைத்துவிட்டது. "அந்த வழி என்னை மாதிரி ஆளுக்குத் திறக்காதுங்க சார். அவரிடம் எழுதும் முறையைத்தான் எடுத்துக்கொண்டேன், தேர்வு பற்றிய கருத்தை எடுக்கவில்லை" என்றேன். சிரித்தார்கள். இந்திய அஞ்சல் சர்வீஸ் கிடைத்தால் போவீர்களா என்றார் இன்னொருவர். போவேன் என்றேன், அதை விருப்ப வரிசையில் மேலேயே வைத்திருக்கிறேன் என்றும் சொன்னேன்.

அதனால் பொழுதுபோக்கு இடத்தில் "புத்தகம் வாசித்தல், இசை கேட்டல்" என்று நிரப்பாதீர்கள். ஒரே ஆள், ஒரே விளையாட்டு, ஒரே ஊர், பத்து நிமிடம் குடைந்தாலும் பேச முடிகிற ஒன்றாகப் போடுங்கள்.

பேனா என்ன என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பத்து ரூபாய் ஜெல் பேனாதான், நீலம், ஒரு தாளுக்கு மூன்று. ட்ராலப்பில் எதிலிருந்து தொடங்குவது என்றும் இருவர் கேட்டிருக்கிறார்கள். 1855இல் வந்த வார்டன் சிறியது, ஒரு முதியோர் விடுதியின் அறக்கட்டளைப் பணத் தகராறு. அறநெறி பற்றிய நம் ஜி.எஸ். நான்காம் தாள்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் மெயின்ஸ் முடிந்த பிறகு தொடுங்கள். அந்த வரிசையில் இன்னும் ஐந்து இருக்கின்றன, ஒவ்வொன்றும் தலையணை கனம்.