வெறும் மாத்திரைதானே?

தனக்குக் கொடுத்தது வெறும் மாத்திரைதானே என்று ஒரு நோயாளி கேட்டபோது, "எனக்குத் தெரியாதுங்கய்யா" என்று நான் சொன்னது உண்மை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எங்கள் மருந்து ஆய்வில் அவருக்குக் கொடுத்த புட்டியின் மேல் ஒரு எண் மட்டும்தான் இருந்தது. உள்ளே இருப்பது புது மருந்தா, மருந்தே இல்லாத மாத்திரையா என்பது எனக்கும் தெரியாது, எங்கள் டாக்டருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் ஒரு எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுள்ள புட்டியை அலமாரியிலிருந்து எடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பேன்.

ஆனால் அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் தயங்கினேன். பத்து மாதமாக அந்தத் தயக்கம்தான் என்னைப் போட்டுக் குடைகிறது.

அவர் தேவனாம்பட்டினம் பக்கம். படகை மகனிடம் விட்டுவிட்டுக் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர். (அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகிற நோய், காரணம் கண்டுபிடிக்க முடியாத வகை. ஸ்கேனில் தேன்கூடு மாதிரி தெரியும். முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் ஒட்டுப்பட்டையைப் பிரிப்பதுபோல் சத்தம் கேட்கும். இந்த நோய்க்கான பிர்ஃபெனிடோன் மாத்திரையை ஏற்கெனவே கொடுத்துப் பார்த்திருந்தார்கள். அந்த மாத்திரை சாப்பிட்டால் வெயில் ஆகாது. கடற்கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறவருக்கு வெயில் ஆகாது என்றால் என்ன செய்வார்? கையும் கழுத்தும் சிவந்து தடித்துப்போய், நாலு மாதத்தில் நிறுத்திவிட்டார். வேறொரு மாத்திரையையும் டாக்டர் எடுத்துச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டார். அப்போதுதான் எங்கள் ஆய்வு தொடங்கியிருந்தது.

ஒப்புதல் படிவத்தில் 'மருந்துப்போலி' என்று அச்சிட்டிருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்தேன். ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக உட்கார்ந்திருந்தார். 2019 விதிகளின்படி, எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களைப் புது மூலக்கூறு மருந்து ஆய்வில் சேர்க்கும்போது ஒப்புதல் வாங்குவதை வீடியோவில் பதிய வேண்டும் என்பதால் கேமராவும் ஓடிக்கொண்டிருந்தது. 'போலி' என்ற சொல் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"போலி மருந்தா? போலி மருந்து வித்தா போலீஸ் புடிக்குமேமா."

அது அந்தப் போலி இல்லை, பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே மருந்து இருக்காது, யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்குவதுபோல் கம்ப்யூட்டர் முடிவு செய்யும் என்று விளக்கினேன். "வெறும் மாத்திரைன்னு சொல்லு" என்றார். சரி என்றேன். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் அது 'வெறும் மாத்திரை' ஆகிவிட்டது. வீடியோவைப் பிறகு இரண்டு முறை பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை நிற்காது, பாதிப்பு வந்தால் மருத்துவச் செலவு உங்களுடையது அல்ல, எல்லாம் சொல்லியிருக்கிறேன். அவரும் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிட்டுக் கட்டைவிரலை உருட்டி வைக்கிறார்.

பிரச்சினை வீடியோவில் இல்லை. பன்னிரண்டாவது வாரம், வராந்தாவில். அங்கே கேமரா கிடையாது.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் இதே ஆய்வில் இருந்தார். இரண்டு பேரும் கடலூர் பக்கம் என்பதால் ஒரே செவ்வாய்க்கிழமையில் வரச் சொன்னேன். கடலூரில் சந்தித்து ஒரே பஸ்ஸில் வருவார்கள், மூச்சு வாங்கினால் ஒருவருக்கொருவர் துணை. நல்லதுதானே என்று நினைத்தேன். பேசிக்கொள்வார்கள் என்பதை நினைக்கவில்லை.

அன்றைக்கு ஊதும் சோதனை முடிந்து வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னாமா, வாத்தியாருக்கு வயித்தால போவுதாம். எனக்கு ஒண்ணியும் இல்ல. எனக்குக் குடுத்தது வெறும் மாத்திரைதானே?"

தயங்கினேன். இரண்டு விநாடி இருக்கும். அப்புறம்தான் தெரியாது என்றேன்.

"உனக்கே தெரியாமலா எடுத்துக் குடுக்குற?"

"கம்ப்யூட்டர் நம்பர் சொல்லும்யா, அதைத்தான் எடுப்பேன்."

"சரி" என்றார். சிரித்தார். பஸ் செலவுக்கான காசை எண்ணி மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஏன் தயங்கினேன்? அவர் நினைத்ததைத்தான் நானும் நினைத்திருந்தேன். ஆசிரியருக்கு வயிற்றுப்போக்கு என்று குறிப்பில் எழுதிய அன்றே, 'இவருக்கு மருந்து, அவருக்கு வெறும் மாத்திரை' என்று மனசு ஒரு கணக்குப் போட்டுவிட்டது. யாரும் வெளியே சொல்ல மாட்டோம், ஆனால் இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் இப்படி ஊகிப்போம். ஆகவே 'தெரியாது' என்றது உண்மை, முழு உண்மை இல்லை. தெரியாது, ஆனால் நானும் அப்படித்தான் நினைக்கிறேன் என்பதுதான் முழு உண்மை. அதைச் சொல்லக் கூடாது. அதையும் அவர் என் முகத்தில் படித்துவிட்டார் என்றே நினைக்கிறேன். வானத்தைப் பார்த்தே காற்று எப்போது திரும்பும் என்று சொல்கிறவர்.

அந்த ஊகத்துக்கு மதிப்பே இல்லை என்பதும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். இதே நோய்க்கான நிண்டெடனிப் மருந்தின் பெரிய ஆய்வு முடிவுகள் 2014-இல் வந்தன. மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் வயிற்றுப்போக்கு. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு வந்திருக்கிறது. மருந்து சாப்பிட்டும் வயிறு கலங்காமல் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அது வேறு மருந்து, ஆனால் பாடம் ஒன்றுதான்: வயிற்றை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதை நானே சொல்லிக்கொடுக்கிறேன். வராந்தாவில் இதைச் சொல்லியிருக்கலாம். "வாத்தியாருக்குப் போறதுனால அவருக்கு மருந்துன்னு அர்த்தம் இல்லய்யா, உங்களுக்குப் போகாததுனால மருந்து இல்லன்னும் அர்த்தம் இல்ல." ஒரு மூச்சில் முடிகிற பேச்சு. அன்றைக்கு வாயில் வரவில்லை. உள்ளே இன்னொருவருக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது, ரத்த மாதிரியை எடுத்துப்போகிற ஐஸ் பெட்டிக்காரர் வெளியே காத்திருந்தார். சாக்கு அல்ல, அப்படித்தான் இருந்தது.

ஆறு வாரம் கழித்து வந்தார். ஒவ்வொரு முறையும் மீதி மாத்திரைகளை எண்ண வேண்டும். நான் கொடுத்தது 100. நாளைக்கு இரண்டு வீதம் 42 நாளுக்கு 84, மீதி 16 இருக்க வேண்டும். தட்டில் கொட்டி எண்ணினேன், 74 இருந்தது. மறுபடி எண்ணினேன், 74. நாட்குறிப்பிலோ 42 நாளும் காலை, மாலை என்று அழகாக டிக் போட்டிருந்தது. டிக் போடுவது அவருடைய பேத்தி, ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள்.

"பாப்பா பேனாவத் தூக்கினு வந்து குந்திக்கும். சாப்டியா தாத்தான்னு கேக்கும். ஆமான்னுடுவேன்."

சாப்பிட்டது 26 மாத்திரை, அதாவது 13 நாள்.

அந்த 13 நாளைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. என் தயக்கம்தான் காரணம் என்றால் அன்று இரவே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பதின்மூன்று நாள் காலையும் மாலையும் விழுங்கியிருக்கிறார். அப்படியானால் வேறு ஏதோ காரணம், என் மேல் பழி இல்லை என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் வேறு மாதிரி தோன்றும். பதின்மூன்று நாளும் என் முகத்தை நினைத்துக்கொண்டே விழுங்கியிருப்பார், இன்றாவது வயிறு கலங்குமா, தோல் சிவக்குமா என்று உடம்பைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். பழைய மாத்திரை தோலில் தன்னைக் காட்டியது. நிஜ மருந்து என்றால் உடம்பில் ஓர் அடையாளம் காட்டும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. அந்த அனுபவத்துக்கு எதிராக நான் வைத்தது 'கம்ப்யூட்டர் நம்பர் சொல்லும்' என்ற ஒரு வாக்கியம்.

இதற்கு முன் நுரையீரல் புற்றுநோய் ஆய்வு ஒன்றில் இருந்தேன். அங்கே ஸ்கேன் பேசிவிடும். குறித்துவைத்த கட்டிகளின் விட்டத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். 30 சதவீதம் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது, 20 சதவீதம் கூடினால் நோய் முந்திவிட்டது. நோயாளிக்கே படத்தைக் காட்டலாம். இந்த நோயில் அப்படி எதுவும் காட்ட முடியாது. இருக்கிற மருந்துகள்கூட மூச்சை மீட்டுத் தருவதில்லை, சரிவின் வேகத்தைத்தான் குறைக்கின்றன. அந்த 2014 ஆய்வின் ஒரு பகுதியில் வெறும் மாத்திரைக்காரர்கள் மூச்சை ஊதும் கொள்ளளவில் வருடத்துக்குச் சுமார் 240 மில்லி இழந்தார்கள், மருந்துக்காரர்கள் சுமார் 115 மில்லி. பெரிய வித்தியாசம்தான், ஆனால் அந்த 115 மில்லியை இழந்தவர் 'எனக்கு நல்லாயிருக்கு' என்று உணர மாட்டார். மூச்சு வாங்குவது கூடிக்கொண்டுதான் போகும். கூடியிருக்க வேண்டிய அளவுக்குக் கூடவில்லை என்பதை உடம்பு எப்படி அறியும்?

இன்னொன்றும் அவரிடம் சொல்லியிருக்கலாமோ என்று நினைக்கிறேன். இந்த நோய்க்கு ஒரு காலத்தில் பிரெட்னிசோன், அசதயோப்ரின், என்-அசிடைல்சிஸ்டீன் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் 'பேந்தர்' என்ற ஆய்வில் முதன்முறையாக அதை வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2011-இல் அந்தப் பிரிவைப் பாதியிலேயே நிறுத்த வேண்டிவந்தது. மூன்று மருந்தும் சாப்பிட்ட 77 பேரில் 8 பேர் இறந்திருந்தார்கள், வெறும் மாத்திரை சாப்பிட்ட 78 பேரில் ஒருவர். டாக்டர்கள் நல்ல எண்ணத்தோடு எழுதிக்கொடுத்துவந்த மருந்து அது. முதன்முறை படித்தபோது வெகுநேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். வெறும் மாத்திரை கிடைப்பதை ஏமாற்றம் என்று இனி யாரும் நினைக்க மாட்டார்கள் என்று அப்போது நம்பினேன். ஆனால் வராந்தாவில் மூச்சு வாங்க நிற்கிறவரிடம், "வெறும் மாத்திரை கிடைத்தவர்கள்தான் பிழைத்தார்கள்" என்றால் அவர் என்ன புரிந்துகொள்வார்? உன் மருந்து கொன்றுவிடுமா என்று கேட்பார். அதற்கும் 'தெரியாது' என்பதுதான் நேர்மையான பதில்.

டாக்டர் அவரோடு அரை மணி நேரம் பேசினார். கோபமே இல்லாமல் கேட்டுக்கொண்டு, "வேணாங்க, ரெண்டு பஸ் ஏறி வர முடியல" என்றார். விலகும் படிவத்திலும் கட்டைவிரல் வைத்தார். ஆய்வின் முடிவில் ஒருமுறை போனில் நலம் விசாரிக்கலாம் என்று மட்டும் ஒத்துக்கொண்டார். மாத்திரைக் கணக்கை விதிமீறல் என்று நான் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'நோயாளி தாமாக நிறுத்திவிட்டார்' என்றேன். அதை எழுதும்போதும் தயங்கினேன். வராந்தாவில் கேட்டதை அன்றே குறிப்பில் எழுதி டாக்டரிடம் சொல்லியிருந்தால், அவர் மறுநாளே போன் செய்து பேசியிருப்பார். பதின்மூன்று நாள் அவகாசம் இருந்திருக்கிறது.

இப்போது ஒரே ஆய்வில் இருக்கிற இருவரை ஒரே நாளில் வரச் சொல்வதில்லை. எங்கள் ஆய்வுகள் எல்லாவற்றிலும் அப்படி மாற்றிவிட்டேன், ஆய்வைக் கண்காணிக்க வருகிற மானிட்டரும் சரி என்றார். ஆனால் போன மாதம் ஆசிரியர், "மூச்சு வாங்கினா பஸ்ல பேசிக்கிட்டே வர ஆள் இல்லைம்மா" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

ஐம்பத்திரண்டாவது வாரம் அவருக்குப் போன் செய்தேன். பேத்தி எடுத்து, தாத்தா வாசலில் வலை பின்னிக்கொண்டிருப்பதாகச் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். குரலைக் கேட்டதும் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாமா, இப்பவாவது தெரிஞ்சுதா?"

"இன்னும் இல்லய்யா. எல்லாருக்கும் முடிஞ்ச பிறகுதான் பிரிப்பாங்க."

"நான் திருப்பிக் குடுத்த மாத்திரய இன்னா பண்ண?"

"வேற யாருக்கும் கொடுக்கக் கூடாதுய்யா. எண்ணிக் கணக்குப் பார்த்துட்டு அழிச்சுடுவாங்க."

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"நல்ல மருந்தா இருந்திருந்தா வீணாப் பூட்டுதேமா" என்றார்.

இருவருமே பேசவில்லை. அப்புறம் பேத்தி போனை வாங்கி, "அக்கா, தாத்தாவுக்கு இருமல் வருது, அப்புறம் பேசுறீங்களா?" என்றாள்.