கேசிங்கின் உட்புறத்துக்கு வர்ணம்: முதலில் உரிந்தது, பிறகு ஒட்டியது

மட்டக்களப்பின் கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் குடியிருப்பவர்கள் எந்த இரும்புச் சாமானையும் நம்பி வாங்குவதில்லை. யன்னல் கம்பியையும் சைக்கிள் செயினையும் தின்னும் அதே உப்புக்காற்று, மேசைக்குக் கீழே இருக்கும் கணினியின் கேசிங்குக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. எனது பழைய கேசிங்கின் வெளிப்புறம் கறுப்புப் பூச்சோடு ஒழுங்காகவே இருந்தது. உட்புறமோ வர்ணமே காணாத சாம்பல் நிறத் தகடு. அதன் வெட்டு விளிம்புகளில் செந்துருவும், மற்ற இடங்களில் திட்டுத்திட்டாக வெள்ளைப் பொடியும் படிந்திருந்தன. துருவைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் பாதி, பக்கக் கதவின் கண்ணாடி வழியாக அந்தச் சாம்பலைப் பார்த்துச் சலித்தது பாதி என்று, சென்ற ஆண்டு இந்த வேலையில் இறங்கினேன்.

முதல் முயற்சி வீணாகிப் போனது. ஹாட்வெயார் கடையில் கறுப்பு எனாமல் ஸ்பிறே டின் ஒன்றை வாங்கி, தகட்டைத் துணியால் துடைத்துவிட்டு, ஒரே பின்னேரத்தில் இரண்டு கை அடித்தேன். பார்வைக்குக் குறை சொல்ல முடியாத வேலையாகத்தான் இருந்தது. ஆனால் சில கிழமைகள் கழித்து மின்விசிறியின் திருகாணி ஒன்றைக் கழற்றியபோது அதைச் சுற்றியிருந்த வர்ணம் அவித்த முட்டையின் உட்தோல் போல மெல்லியதாக எழுந்து வந்தது; நகத்தால் இழுக்க இழுக்க ஒரு சாண் நீளத்துக்கு உரிந்தது.

உரிந்த துண்டை எடுத்துக்கொண்டு, எங்கள் பக்கத்து கராஜில் வாகனங்களுக்கு வர்ணம் அடிக்கும் பாஸிடம் போனேன். அவர் துண்டை வாங்கிப் பார்க்கவே இல்லை. “மனே, நாகம் பூசின தகட்டில வெறும் எனாமல் நிக்காது. வாஷ் பிரைமர் ஒரு கை அடிச்சிட்டுத்தான் மத்ததெல்லாம்” என்றார். கேசிங் செய்யப் பயன்படும் உருக்குத் தகட்டின் மேல் மெல்லிய நாகப்படை, அதாவது துத்தநாகப் பூச்சு, ஒன்று இருக்கிறது. எண்ணெய் சார்ந்த எனாமல் அந்த நாகத்தோடு நேரடியாகப் பட்டால், இரண்டும் மெதுவாக வினைபுரிந்து இடையில் சவர்க்காரம் போன்ற ஒரு படையை உண்டாக்கும். அதன் மேலிருக்கும் வர்ணம் பிடிமானம் இழந்து உரியும். அமிலம் கலந்த அடிப்பூச்சான எட்ச் பிரைமரோ, கராஜ்களில் வாஷ் பிரைமர் என்று சொல்லப்படுவதோ நாகத்தைச் சற்றே அரித்துத் தன்னைப் பிணைத்துக்கொள்வதால், மேலே வரும் வர்ணத்துக்குப் பிடிமானமாகிறது.

பிரைமருக்கு முன்னர் தகட்டைச் சுத்தமாக்குவதில் நான் அரைநாள் செலவிட்டேன். முன்பக்கத்திலிருந்து மதர்போட்டுக்கு வரும் பவர், ரீசெட், எல்ஈடி வயர்கள் எந்தெந்த ஊசியில் செருகியிருந்தன என்பதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்ட பின்னரே எல்லாவற்றையும் கழற்றினேன். ரிவெட்களைத் துளைத்து உட்தட்டைத் தனியாகப் பிரித்தெடுத்தால் அடிப்பது இலகுதான். ஆனால் திரும்பப் பூட்டுவதற்கு ரிவெட் கன் வேண்டும் என்பதால், முதற்தடவை செய்கிறவர் ரிவெட்களில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. பாத்திரம் கழுவும் திரவத்தையும் பச்சை நிற நாரையும் கொண்டு, மினுக்கம் மங்கும் அளவுக்கு மட்டும் தேய்த்தேன். நாகப்படையைத் தாண்டித் தேய்த்துவிட்டால் நாமே துருவுக்கு வழி திறந்துவிடுகிறோம். துருப்பிடித்த விளிம்புகளை மட்டும் சாண்ட் பேப்பரால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். எங்கள் கிணற்று நீர் சற்று உவர் என்பதால், கடைசி அலசலைக் குழாய் நீரில் செய்தேன்.

வர்ணம் எங்கே படக்கூடாது என்பதில்தான் முதற்தடவை செய்பவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். மதர்போட்டைத் தாங்கும் பித்தளைத் தாங்கிகள் வெறும் தாங்கிகள் மட்டுமல்ல. போட்டின் துளைகளைச் சுற்றியுள்ள உலோக வளையங்களைக் கேசிங்கோடு மின்தொடர்பாக இணைப்பவையும் அவையே; இடையில் வர்ணம் பட்டால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். ஆகவே ஒவ்வொரு தாங்கியையும் கழற்றி, அது அமரும் இடத்தில் சட்டைப் பொத்தான் அளவில் வெட்டிய மாஸ்கிங் டேப்பை ஒட்டி, துளைகளுக்குள் பழைய திருகாணிகளை முறுக்கி விட்டேன். மின்வழங்கி கேசிங்கைத் தொடும் பின்பக்க விளிம்பையும், யூஎஸ்பி வாய்களைச் சுற்றி வரும் தகடு அமரும் செவ்வகத்தையும் அவ்வாறே மறைத்தேன். வேலை முடிந்ததும் மல்டிமீற்றரின் ஒரு முனையைத் தாங்கியிலும் மறுமுனையை மின்வழங்கியின் திருகாணியிலும் வைத்தபோது அது கூவியது. கூவாவிட்டால் எங்கோ வர்ணம் இடைமறிக்கிறது என்று பொருள்.

அடிப்பதற்கான நேரத்தைக் காற்றுத்தான் தீர்மானித்தது. மாரி மாதங்களில் இதைத் தொடவே வேண்டாம். ஈரக்காற்றில் கரைப்பான் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, நீராவி அதன் மேல் படிந்து, கறுப்பு வர்ணம் வெள்ளையாகப் பூத்துவிடும். கச்சான் வீசும் மாதங்களில் காற்று காய்ந்திருந்தாலும் பின்னேரத்தில் மணல் பறக்கிறது. பனி உலர்ந்து கடற்காற்று எழும்பாத காலை ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடைப்பட்ட நேரமே எங்கள் வளவுக்குப் பொருந்தியது. ஒவ்வொரு கை அடித்ததும் கேசிங்கை உள்ளே தூக்கிச் சென்றேன். வெளியே விட்டால் அடுத்த கைக்கும் முந்தைய கைக்கும் இடையில் உப்பு படிந்துவிடும்.

ஸ்பிறே டின்னுக்குள் இருக்கும் கலக்கும் குண்டு சத்தமிடத் தொடங்கிய பின்னரும் ஒரு நிமிடமாவது டின்னைக் குலுக்க வேண்டும். இருபத்தைந்து சென்டிமீற்றர் தூரத்தில் பிடித்து, தகட்டுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் வெளியே போய்த்தான் விரலை எடுக்க வேண்டும். பெட்டியின் உள்மூலைகளில் காற்று திரும்பி அடிப்பதால் வர்ணம் அங்கே போய்ச் சேராமல் பொடியாக நிற்கும். ஆகவே மூலைகளை முதலில், இரண்டு மூன்று கோணங்களில் இலேசாக அடித்துவிட்டுப் பரந்த தட்டுகளுக்கு வந்தேன். முதற்கை அரைகுறையாகத் தெரிவதைப் பார்த்து மனம் பதைத்து மேலும் அடித்தால் வழிந்துவிடும். மினுங்கும் வர்ணம் ஒவ்வொரு தழும்பையும் காட்டிக்கொடுக்கும் என்பதால் மங்கலான கறுப்பையே இம்முறை எடுத்தேன். எல்லா வர்ணங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டுவதில்லை. எனாமல் முற்றாக இறுகுமுன் அதன் மேல் லாக்கர் வகை வர்ணம் பட்டால் தோல் சுருங்குவது போலச் சுருங்கும். பிரைமரும் மேல்வர்ணமும் ஒத்துப்போகுமா என்று டின்னில் எழுதியிருப்பதை வாங்கும்போதே வாசித்துவிட வேண்டும்.

இந்த டின்களுக்குள் இருக்கும் வாயு எளிதில் தீப்பிடிப்பது. குசினிப் பக்கமாக நின்று அடிக்கவே கூடாது. சாதாரணத் துணி முகக்கவசம் தூசியைத்தான் ஓரளவு தடுக்கும், கரைப்பானின் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள முகமூடியை பாஸிடமே ஒரு நாளைக்கு இரவல் கேட்டேன்.

தொட்டால் ஒட்டாத நிலை அரைமணியில் வந்துவிட்டது. அதை நம்பி அன்றிரவே பூட்டியிருந்தால் திருகாணியின் தலை வர்ணத்தைச் சுருட்டிக்கொண்டு வந்திருக்கும். எட்டு நாள் அறைக்குள் வைத்திருந்து, வாசனை முற்றாக அடங்கிய பின்னரே மதர்போட்டை இறக்கினேன். அன்று பழைய படத்தைப் பார்த்துப் பவர் வயரைச் செருகி, பொத்தானை அழுத்தியதும் மின்விசிறி சுழன்றது. பிறகு ஒரு மாரி கழிந்து கதவைத் திறந்து பார்த்தேன்: டேப்பை இழுத்தபோது கிழிந்த ஒரு விளிம்பில் மட்டும் அரிசி மணியளவு துரு இருந்தது. சிறு தூரிகையால் அங்கே பிரைமரைத் தொட்டு வைத்திருக்கிறேன்.