மேல் ‘இ’ லீவர் ஒருவழியாகப் படிந்தது

என் ஹார்ப்பில் மேல் ‘இ’ (E) ஸ்வரக் கம்பியின் லீவர், அதாவது கம்பியை ஓரிடத்தில் அழுத்தி அரை ஸ்வரம் ஏற்றும் சின்ன நெம்பி, மூன்று வாரமாகப் படுத்தியது. நேற்று சரியாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன்.

ஆர்க்கெஸ்ட்ரா வாத்தியங்களை நண்பர்களுக்கு ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துவருகிறேன். வயலின் குடும்பம் முடிந்து ஹார்ப்புக்கு வந்தாயிற்று. என்னுடையது 34 கம்பி லீவர் ஹார்ப், இ-ஃப்ளாட் மேஜரில் (பி, இ, ஏ மூன்றும் அரை ஸ்வரம் இறங்கியிருக்கும்) சுருதி சேர்த்தது. சி மேஜரில் வாசிக்க பி, இ, ஏ லீவர்களைத் தூக்கியாக வேண்டும். தூக்கினால் மேலே உள்ள அந்த ஒரு ‘இ’ மட்டும் 15 சென்ட் (அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட்) ஏறி நின்றது. சங்கீதப் பயிற்சியே இல்லாத நண்பர்கூட, “அந்த இடத்துல மட்டும் ஏதோ உறுத்துதே” என்றார்.

கம்பியை மாற்றிப் பார்த்தேன். புதுக் கம்பி நாலு நாள் இழுபட்டுக்கொண்டே இருந்ததுதான் மிச்சம். கோளாறு லீவர் உட்கார்ந்திருந்த இடத்தில். அரை ஸ்வரம் ஏற, அதிரும் நீளம் சுமார் 5.6 சதவீதம் குறைய வேண்டும். 60 செ.மீ. கம்பி என்றால் 34 மி.மீ.; இந்த 10 செ.மீ. கம்பிக்கோ வெறும் ஐந்தரை மி.மீ. இங்கே ஒரு மி.மீ. பிசகினாலே 18 சென்ட் போய்விடும்! என் லீவர் 0.8 மி.மீ. கீழே இருந்திருக்கிறது.

மேலே தள்ளுவது சுலபம், அங்கேயே நிறுத்துவதுதான் பெரும்பாடு. திருகை இறுக்கும்போது லீவரும் கூடவே நகர்ந்துவிடும். ஆறு தடவை அப்படியே ஆனது. கடைசியில் லீவருக்கு அடியில் மடித்த அட்டையை முட்டுக் கொடுத்து, கால் சுற்று இறுக்குவது, லீவரைத் தூக்கி ட்யூனரில் பார்ப்பது, மறுபடி கால் சுற்று என்று போனேன். நின்றுவிட்டது.

இதில் இன்னொன்று: கம்பி வாங்கும்போது தடிமனையும் பாருங்கள். ஒரு கடையிலிருந்து வேறு தடிமனில் வந்துவிட்டது. லீவர் போடாத திறந்த கம்பி சரியாகப் பேசும், லீவர் போட்டால் பிசகும்.

நேற்று கம்பி அதிர்ந்துகொண்டிருக்கும்போதே லீவரைத் தூக்கிக் காட்டினேன். இ-ஃப்ளாட் அப்படியே ‘இ’யாக ஏறியது. எல்லோரும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கிட்டே வந்தார்கள். அப்புறம் பெடல் ஹார்ப்பை விளக்கச் சிரமமே இல்லை. 47 கம்பிகள், 7 பெடல்கள். ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலை: ஃப்ளாட் (அரை ஸ்வரம் கீழே), நேச்சுரல் (இயல்பு), ஷார்ப் (அரை ஸ்வரம் மேலே). ஒரு பெடலை மிதித்தால் அந்த ஸ்வரம் எல்லா ஆக்டேவிலும் (ஸ்தாயியிலும்) ஒன்றாக மாறும். பெடலின் இழுகம்பிகள் முன்தூணுக்குள்ளேயே மேலே போகின்றன. கம்பியை இரண்டு படி ஏற்றும் இந்த இரட்டை அசைவு முறைக்கு வாத்தியத் தயாரிப்பாளர் செபஸ்தியான் எரார் 1810-இல் காப்புரிமை வாங்கினார். “யாழும் இதுதானே?” என்று ஒருவர் கேட்டார். உறவுதான், ஆனால் வில்யாழுக்கு முன்தூண் கிடையாது.

அடுத்த அமர்வுக்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் 1905-ஆம் ஆண்டு ‘இன்ட்ரடக்‌ஷன் அண்ட் அலெக்ரோ’. ஹார்ப்போடு புல்லாங்குழல், கிளாரினெட், நான்கு வில் வாத்தியங்கள். குழல் வாத்தியங்களுக்கு அங்கிருந்தே போய்விடலாம். அதற்குள் ‘ஏ’ லீவர் ஒன்றையும் பார்க்க வேண்டும். அது 6 சென்ட் இறங்கி நிற்கிறது. அட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.