என் டீச்சரோடு டெட் படித்த 70 நாட்கள்

மூன்றாம் வகுப்பில் எனக்குக் கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லிக்கொடுத்த டீச்சர், 2025 ஆசிரியர் தினத்துக்கு மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் புதுசாக ஒரு நீள நோட்டு. "ஏம்மா, நீ டெட் பாஸ் பண்ணினவதானே? எனக்குக் கொஞ்சம் சொல்லித் தர்றியா?" என்றார். உள்ளே வாங்க என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அந்த வாரம்தான், செப்டம்பர் 1 அன்று, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்திருந்தது. ஓய்வு பெற 5 ஆண்டுகளுக்கு மேல் பாக்கி இருக்கும் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான ஆசிரியர்கள், பணியில் எத்தனை வருடம் இருந்திருந்தாலும், 2 ஆண்டுக்குள் டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும். டீச்சருக்கு வயது 52. முசிறி பக்கம் ஓர் உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் 27 வருட சர்வீஸ். விண்ணப்பிக்க இன்னும் சில நாட்களே இருந்தன. அன்றைக்கே பதிவு செய்தோம். தேர்வு நவம்பர் 15.

அவரைப் போல இன்னும் நிறைய பேர் இப்போது புத்தகத்தைத் திறந்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரியும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2019இல் டெட் முதல் தாள், அதாவது 1 முதல் 5ஆம் வகுப்பு ஆசிரியர்களுக்கான தாள், எழுதி 150க்கு 78 வாங்கினேன். தேறவில்லை. கைடு மட்டும் படித்தேன். கல்வி உளவியலை மனப்பாடம் பண்ணினேன். கேள்வியில் பெயருக்குப் பதில் ஒரு சூழ்நிலையைக் கொடுத்து, 'இந்தக் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது' என்று கேட்டதும் கை நின்றுவிட்டது. அப்புறம் 2022 தொடக்கத்தில் அரசின் மாலை நேர வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். தினமும் மாலை 20 பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொண்டே படித்தது அந்த அக்டோபரில் மறுபடி தேர்வு எழுதியபோது கைகொடுத்தது. 97 வந்தது.

அதனால் டீச்சரிடம் முதல் நாள் புத்தகத்தையே எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு யு.கே.ஜி. பையனையும் நாலாம் வகுப்பு படிக்கும் அவன் அக்காவையும் கூப்பிட்டேன். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சம அளவு தண்ணீர் ஊற்றினேன். இரண்டு பேரும் சமம் என்றார்கள். ஒரு டம்ளர் தண்ணீரை அவர்கள் கண் முன்னாலேயே ஒல்லியான உயரக் கண்ணாடிக் குவளைக்கு மாற்றினேன். "இப்ப எதுல ஜாஸ்தி?" பையன் சட்டென்று உயரக் குவளையைத் தொட்டான். அக்கா அவனைப் பார்த்து, "அதே தண்ணிதானேடா, புதுசா ஊத்தவே இல்லையே" என்றாள்.

டீச்சர் சிரித்தார். "இந்த மாதிரி ஆயிரம் பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன். இதுக்குப் பேரு வச்சிருக்காங்களா?" என்றார்.

வைத்திருக்கிறார்கள். குழந்தைகளின் சிந்தனை வளர்வது பற்றி உளவியலாளர் பியாஜே சொன்ன நான்கு நிலைகளில், 2 முதல் 7 வயது வரை ஒன்று, 7 முதல் 11 வரை அடுத்தது. அந்தப் பையனும் அக்காவும் அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அன்றிலிருந்து எங்கள் படிப்பு முறையே இதுதான்: டீச்சர் ஒரு பிள்ளையைச் சொல்வார், நான் பெயரைச் சொல்வேன். 'தனியா விட்டா தடுமாறுவான், பக்கத்துல நல்லா படிக்கிற பிள்ளையை உட்கார வச்சா செஞ்சுடுவான்' என்றால், துணையோடு கற்பதைப் பற்றிச் சொன்ன வைகாட்ஸ்கி. 'திருடினா டீச்சர் அடிப்பாங்க, அதான் எடுக்கலை' என்று ஒரு பிள்ளை சொன்னால், கோல்பெர்க் சொன்ன ஒழுக்க வளர்ச்சியின் முதல் நிலை. நீள நோட்டில் இடது பக்கம் பிள்ளைகள், வலது பக்கம் பெயர்கள். மூன்று வாரத்தில் உளவியலின் 30 கேள்விகள் அவருக்குப் பயமாக இல்லாமல் போய்விட்டன. அனுபவம் உள்ள ஆசிரியர்கள் இந்தப் பகுதியை இப்படித்தான் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உங்களிடம் பாதி ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் அதே அனுபவம் ஓரிடத்தில் காலை வாரும். 'மாணவன் வீட்டுப்பாடம் செய்யாமல் வருகிறான், ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?' என்று மாதிரித் தாளில் ஒரு கேள்வி. டீச்சர் யோசிக்காமல் 'கண்டிக்க வேண்டும்' என்று குறித்தார். தேர்வு எதிர்பார்ப்பது காரணத்தைக் கேட்டு அறிவதை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. இந்த மாதிரிக் கேள்வியில் பிள்ளையின் பக்கம் நிற்கும் விடையைத் தேடுங்கள். டீச்சர் அந்தக் கேள்வியைப் பார்த்து ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார்.

மற்ற பாடங்களுக்குப் பள்ளிப் புத்தகம் போதும். முதல் தாளில் தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் ஒவ்வொன்றும் 30. பாடப்பொருள் 5ஆம் வகுப்பு வரைக்கும் என்றாலும் கேள்வியின் கடினம் 10ஆம் வகுப்பு வரை போகும், அதனால் 6 முதல் 10 வரையும் புரட்டிவிடுங்கள். ஆங்கிலத்துக்கு இலக்கணப் பயிற்சிகளைக் கையால் எழுதிப் பார்த்தால் போதும். கணிதத்தில் தினம் 10 கணக்கு, கடிகாரம் வைத்து.

நான் 2022இல் கணினியில் எழுதினேன், டீச்சருக்கு விடைக்கான வட்டத்தைப் பேனாவால் நிரப்பும் ஓ.எம்.ஆர் தாள். மூன்று மணி நேரத்தில் 150 கேள்வி, வட்டம் நிரப்பும் நேரமும் அதில்தான். கண்ணாடி போட்டவர்களுக்கு வரிசை தவறும். 10 கேள்விக்கு ஒரு முறை நிறுத்தி, எண்ணைச் சரிபார்த்து நிரப்பும் பழக்கத்தை வீட்டிலேயே கொண்டுவந்தோம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, ஒரு வட்டத்தையும் காலியாக விடாதீர்கள். தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு உங்கள் பிரிவையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் குறி 100.

நேரம்தான் பெரிய சிக்கல். டீச்சர் வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. மாலை ஆறு முதல் ஏழரை வரை திண்ணையில் 14 பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுப்பார், எத்தனையோ வருடமாக. நவம்பர் வரை அதை நிறுத்திவிடலாமே என்று நான் சொன்னேன். அது தப்பான யோசனை. அவர் நிறுத்தவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அவருக்குச் சூழ்நிலையியலும் பின்னமும் நன்றாகப் பதிந்தன, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே.

வேறு இடத்தில் நேரம் எடுத்தோம். படிப்பதை அவர் வீட்டில் சொல்லவே இல்லை. இந்த வயதில் பரீட்சையா என்று கூச்சம். நோட்டை வருகைப் பதிவேட்டுக்கு அடியில் வைத்திருந்தார். நான்தான் போய் அவர் கணவரிடமும் மகனிடமும் சொன்னேன். மறுநாளிலிருந்து பாட்டிக்கு ராத்திரிக் கஞ்சி கொடுப்பது மகன் வேலை ஆயிற்று. எட்டரை முதல் பத்தரை வரை டீச்சருக்குக் கிடைத்தது. வீட்டில் சொல்லுங்கள், முதல் நாளே சொல்லுங்கள்.

நவம்பர் 15, சனிக்கிழமை. திருச்சியில் மையம். நானும் கூடப் போனேன். வெளியே வந்தவர் கணக்கில் நாலைந்து சந்தேகம் என்றார், மற்றபடி முகம் தெளிவாக இருந்தது. பஸ் பிடித்து ஊர் வந்து சேர ஆறு மணி ஆகிவிட்டது. திண்ணையில் பிள்ளைகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"எத்தனை கேள்வி டீச்சர்?"

"150."

"எல்லாத்துக்கும் எழுதுனீங்களா?"

"ஒண்ணு விடலை" என்றார் டீச்சர். பையை மகனிடம் கொடுத்துவிட்டு, முகம் கழுவி வந்து, "வாய்ப்பாடு யாரு சொல்றீங்க?" என்று அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.